கஷாயத் துரையின் புருவம்

படத்தில் இருந்த துரை விழுங்கிய அன்றைக்கு மெஸ்ஸில் வத்தக்குழம்பு. சுண்டைக்காய் வத்தல், உரித்த பூண்டு, மேலே நல்லெண்ணெய் மிதந்தது, வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது, பந்தி பாதியில் இருந்தது. கடைசி வரிசைக்காரர் ஒருவருக்குத் தனியாகக் குழம்புக் கிண்ணம் எடுத்துக்கொண்டு போன பொன்னழகியை யாரோ தண்ணீருக்குக் கூப்பிட, அவள் கிண்ணத்தைப் படத்துக்குக் கீழே இருந்த முக்காலியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்த நேரத்தில்தான் துரையின் கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையில் இத்தனை காலம் சிவப்பாக இருந்தது பழுப்பாகி, எண்ணெய் மிதந்து, ஓரமாக ஒரு சுண்டைக்காயும் எட்டிப் பார்த்தது. துரை கோப்பையை உதட்டில் வைத்துச் சாய்த்தார். தொண்டைமணி ஏறி இறங்கியது. இடது புருவம் மெல்ல மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் இலையைப் பார்த்தார்கள்.

"உப்புக் கம்மிதான்" என்றார் சாத்தப்ப செட்டியார். "நானே சொல்லணும்னு இருந்தேன். துரை முந்திக்கிட்டாரு."

பொன்னழகி உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையாக ஒரு சுற்று வந்தாள், அவ்வளவுதான் நடந்தது. எங்கள் கொன்றைக்குடியில் எதற்கும் வாயைப் பிளக்கிற வழக்கம் கிடையாது. வாயைப் பிளந்தால் ஈ புகும், சோறு ஆறும்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெஸ் நடக்கிற கூடம் சாத்தப்ப செட்டியார் வீட்டு முன்கட்டு; படம் அவருடைய முன்னோர் யாரோ சைகோனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தது. மர மேசைமேல் முழங்கை ஊன்றிய ஒரு வெள்ளைக்காரர், தொப்பி பின்னால் சரிந்திருக்கிறது, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது, வாய் இறுக்கி மூடியிருக்கிறது, கன்னம் லேசாக உப்பியிருக்கிறது, கையில் கோப்பை. பின்னால் ஒரே இருட்டு. வாயில் எதையோ வாங்கிக்கொண்டு இன்னும் விழுங்காமல் இருக்கிற மனிதர் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அது என்ன, அது அவருக்குப் பிடித்திருக்கிறதா என்பதில்தான் சண்டை. நன்னாரி சர்பத் என்று ஒரு கட்சி இருந்தது. பன்னீர் என்று சொன்ன ஒருவரை யாரும் மதிக்கவில்லை. ஆனால் வாயை அப்படி இறுக்கிக்கொண்டு சர்பத் குடிக்கிறவனை யார் பார்த்திருக்கிறார்கள்? கடைசியில் கஷாயம் என்று முடிவாகி, துரைக்குக் கஷாயத் துரை என்று பெயர் நிலைத்து, மருந்து குடிக்க அடம்பிடிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து, "பாரு, எவ்வளவு பெரிய துரை, அழாம குடிக்கிறாரு" என்று காட்டுகிற பழக்கமும் வந்துவிட்டது.

மெஸ்ஸை நடத்துகிறவள் வள்ளிக்கண்ணு. புருஷன் ஒருநாள் பேருந்து ஏறிப் போனவன் திரும்பவில்லை. அவன் தங்கை பொன்னழகி மட்டும் அண்ணனோடு போகாமல் மதினியோடு இருந்துவிட்டாள். இருவருமாக அடுப்பு மூட்டினார்கள். வள்ளிக்கண்ணு சமைப்பாள், பொன்னழகி பரிமாறுவாள். வள்ளிக்கண்ணுவின் பெயர் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பரவியதற்குக் காரணம் அவள் சமைத்ததை ருசி பார்க்கவே மாட்டாள் என்பதுதான். காக்கைக்கு வைக்காமல், சாமிக்குக் காட்டாமல், ஒரு சொட்டு நாக்கில் படாது. கொதிக்கிற குழம்புக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுப்பாள், "உப்பு ஒரு கல்லு" என்பாள், போடுவாள், சரியாக இருக்கும். அவளுடைய சமையலறையில் வேறு யாரும் கரண்டியைக் கையில் வாங்கி உள்ளங்கையில் சொட்டுவிட்டு நக்கிவிட முடியாது. பொன்னழகிக்கும் அந்த அனுமதி இல்லை.

அந்த வள்ளிக்கண்ணுவுக்கு, துரை விழுங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தாள், ஒன்றுமில்லை. பச்சை மிளகாயைக் கடித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, ருசி வரவில்லை. சோறு வாயில் பஞ்சு மாதிரி புரண்டது. யாரிடமும் சொல்லவில்லை. பழையபடி குழம்புக்கு மேல் குனிந்தாள், மூச்சை இழுத்தாள், "ஒரு கல்லு" என்றாள், எல்லாம் நடிப்பு. கை தன் ஞாபகத்தில் போட்டது. சில நாள் கை சரியாக நினைவு வைத்திருந்தது, சில நாள் மறந்தது. மறந்த நாட்களில் வாடிக்கைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் எழுந்து கை கழுவினார்கள். பேசாமல் எழுந்து போகிறவனைக் கண்டுதான் சமைக்கிறவள் பயப்பட வேண்டும். வள்ளிக்கண்ணு பயந்துபோய் இருந்தாள்.

ஆகவே துரையின் புருவம் ஏறியதை ஊரே பார்த்தாலும் அவள் ஒருத்திதான் அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள். பந்தி முடிந்து கூடத்தைக் கழுவிவிட்ட பிறகு, பொன்னழகி கண்ணயர்ந்த பிற்பகலில், மிச்சக் குழம்பில் உப்பைக் கலந்து முக்காலியில் வைத்தாள். துரை குடித்தார். புருவம் இறங்கியது. இன்னும் உப்பைப் போட்டாள். இந்தத் தடவை வலது புருவம் ஏறியது. அன்றைக்குத்தான் அவளுக்குக் காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்தது.

அப்படி அவள் துரையைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். இடது புருவம் என்றால் உப்புப் போதாது, வலது என்றால் மிச்சம், இரண்டும் சேர்ந்து ஏறினால் காரம். மூக்கு விடைத்தால் எங்கேயோ அடிப்பிடித்திருக்கிறது. உதட்டோரம் ஒருபக்கம் இழுத்தால் புளியின் பச்சை வாடை போகவில்லை. எல்லாம் சரியாக இருந்தால் துரை ஒன்றும் செய்யமாட்டார், மீசை நுனி மட்டும் கொஞ்சம் அசையும். இதில் தப்பும் நடந்தது. பாயசத்தைக் குடித்துவிட்டுத் துரை கண்ணை மூடிக்கொண்டார். பாவம், செத்துப்போன யாரையோ நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று வள்ளிக்கண்ணு வெல்லத்தைக் குறைத்துக்கொண்டே போனாள், அவர் கண்ணைத் திறந்துகொண்டே வந்தார், பாயசம் கடைசியில் வெறும் பால்கஞ்சியானபோது அகலத் திறந்த கண்ணோடு அவளை முறைத்தார். அப்புறம்தான் கண்ணை மூடுவது சந்தோஷம் என்று புரிந்தது. ஊர் அவள் கைப்பக்குவம் திரும்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டது. உப்பு பார்ப்பதற்கு மட்டும் துரையைக் கேட்கிறாள், அது ஒரு மரியாதைக்கு, என்றும் சொல்லிக்கொண்டது.

ஊருக்கு இருந்த கவலையெல்லாம் வேறு. துரை வாய் வைத்ததை நாம் சாப்பிடலாமா? அது எச்சில் ஆகாதா? இதைப் பற்றிக் கூடத்திலும் தேநீர்க் கடையிலும் பேசாத நாளில்லை. கோப்பை உதட்டில் படுவது படத்திலேயே தெரிகிறதே, அண்ணாந்து குடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லையே என்றார்கள் சிலர். கோப்பையில் உள்ளதுதான் எச்சில், கிண்ணத்தில் உள்ளது எப்படி எச்சிலாகும், அதில்தான் ஒரு சொட்டும் குறையவில்லையே என்றார்கள் சிலர். கடைசியில் சாத்தப்ப செட்டியார் தீர்ப்புச் சொன்னார்: கிண்ணத்தில் வைத்தது துரைக்கு, அண்டாவில் உள்ளது ஊருக்கு, கிண்ணத்தை மறுபடி அண்டாவில் கொட்டக்கூடாது. நல்ல தீர்ப்பு என்று எல்லோரும் ஏப்பம் விட்டார்கள்.

பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற சௌரிராஜனுக்குத்தான் பெரிய மனப்போராட்டம். அவர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு சமைக்கிறவர். பெருமாளுக்கு முன்னால் வாசனைகூட நுகரக்கூடாது. ஒருநாள் பூஜை எல்லாம் முடிந்த பிறகு தொன்னையில் புளியோதரையோடு வந்து நின்றார்.

"பெருமாள் அமுது செஞ்சாச்சு, அதனால தோஷமில்ல. சும்மா, தெரிஞ்சுக்கலாமேன்னு" என்றார்.

துரையின் இடது புருவம் தொப்பிக்குள் போய்விட்டது. சௌரிராஜன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமாவா?" என்றார். "ஒரு வார்த்தை சொல்லலையே அவர்!"

"பெருமாளுக்குப் பெரிய மனசு சாமி" என்று பொன்னழகி அவருக்கு மோர் கொடுத்தாள்.

அதன்பிறகு வராதவர் யார்? பெண் பார்க்க வருகிற வீட்டுக்குக் கேசரி செய்தவர்கள் வந்தார்கள், ஊறுகாய்ப் போட்டியில் தோற்ற அக்காள் தங்கை வந்தார்கள், ஒருவன் பந்தயம் கட்டி மதுக்கடைப் பிராந்தியைக் கொண்டுவந்து வைத்தான். துரை அதை வாயில் வைத்தார், உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், அன்று மாலைவரை திரும்பவில்லை. பார்த்தீர்களா, மதுவைத் தொடாத மனிதர், அது கஷாயம்தான் என்று பழைய கட்சிக்கு நல்ல பலம் சேர்ந்தது.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டால் அடுத்தது தெரிய வேண்டும். இவ்வளவு நாக்குள்ளவர் அந்தக் காலத்தில் வாயில் வைத்திருந்தது என்ன, பிடித்ததா இல்லையா, பின்னால் அந்த இருட்டில் என்ன இருக்கிறது? மெஸ் அடுப்புப் புகை படிந்து இருட்டு வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே வந்தது. செட்டியார் யாரிடமோ விசாரித்து, மதுரையில் பழைய படங்களைச் சுத்தம் செய்கிற ஜெசிந்தா என்ற பெண்ணுக்குச் சொல்லியனுப்பினார்.

"தொடைக்க வேணாம் அய்யா" என்றாள் வள்ளிக்கண்ணு.

"ஏன் ஆத்தா? புகை பிடிச்சுக் கெடக்கு. நல்லாத்தானே ஆகும்."

"நல்லாத்தானே இருக்காரு இப்ப."

"இருக்காருதான். இன்னும் நல்லா இருக்கட்டுமே."

அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்? அவர் போனால் என் நாக்கு போய்விடும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு நாக்கு வரவில்லை. சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்தாள். பொன்னழகி பின்னாலேயே வந்தாள்.

"ஏன் மதினி மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"வெங்காயம்."

ஜெசிந்தா ஒரு பையும் தோளில் ஒரு விளக்குமாக வந்தாள். சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி. துரை மோர்க்குழம்பு குடித்ததை நின்று பார்த்தாள், தலையை ஆட்டினாள், "அசையிற படம்னா கொஞ்சம் பொறுமையாப் பண்ணணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, படத்தை இறக்கி மேசையில் கிடத்தினாள். குச்சியில் பஞ்சைச் சுற்றினாள். பஞ்சை வாயில் வைத்து நனைத்து எடுத்து, படத்தின் மூலையில் மெதுவாக உருட்டினாள். பஞ்சு கரியானது.

கூடத்தில் சலசலப்பு எழுந்தது.

"எச்சிலப் போட்டா ஆத்தா தொடைக்கிறது?" என்றார் செட்டியார்.

"பழைய அழுக்குக்கு இதைவிட நல்லது கிடையாதுங்க" என்றாள் ஜெசிந்தா, அடுத்த பஞ்சை வாயில் வைத்தபடி. "எங்க வேலையில எல்லாரும் இதான் செய்வோம்."

எங்கள் ஊர் எச்சில் விவகாரத்தில் இதற்குத் தீர்ப்பு இல்லை. துரையின் எச்சில் நமக்கா என்று கேட்டவர்கள், நம் எச்சில் துரைக்கா என்று யோசித்ததே இல்லை. சௌரிராஜன் எழுந்து வெளியே போய், ஆவல் தாங்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வேலை செய்துகொண்டே பேசினாள். இந்த மாதிரிப் படங்களில் ராஜா ராணி கிடையாது, சாமி கிடையாது. சாதாரண ஆட்கள் சாதாரணமாக என்ன செய்வார்களோ அதை வரைவது வெள்ளைக்கார நாடுகளில் ஒரு வகை. இவர் குடிகாரர் இல்லை, வியாபாரி. கோப்பையில் இருப்பது ஒயின்.

"ஒயினா?" என்று ஜன்னலில் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஒயின்தான். வாங்கறதுக்கு முன்னாடி வாயில வச்சுப் பார்க்கிறார். நல்லா இருக்குன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நேரத்தைத்தான் வரைஞ்சிருக்காங்க."

பிடித்ததா இல்லையா என்று இத்தனை காலம் அடித்துக்கொண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கஷாயக் கட்சி மட்டும், ஒயினும் ஒருவகையில் மருந்துதான் என்று முணுமுணுத்தது.

பஞ்சுகள் கரியாகிக் குவிந்தன. இருட்டு மெல்லக் கரைந்தது. முதலில் ஒரு பீப்பாயின் வளையம் வந்தது, பிறகு ஒரு கை வந்தது, ஜாடியைப் பிடித்த இரண்டு கைகள், வெள்ளைத் துணி கட்டிய தலை, அதன் கீழே ஒரு பெண்ணின் முகம். துரைக்குப் பின்னால், தோளுக்குப் பக்கத்தில், அவள் எப்போதும் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்கதான் விக்கிறவங்க" என்றாள் ஜெசிந்தா. குரல் இறங்கியிருந்தது. "ஜாடியில என்ன இருக்குன்னு அவர் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கப் பார்க்கிறாங்க. படமே இவங்களைப் பத்தித்தான் போல."

வள்ளிக்கண்ணு சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். தன்னை யாரோ, எங்கேயோ, தான் பிறப்பதற்கு முன்னாலேயே ஒளிந்திருந்து பார்த்து வரைந்து வைத்துவிட்டது போலிருந்தது.

மறுநாள் ஒரு வளைகாப்புச் சாப்பாடு. கூடம் நிறைந்து வாசல்வரை இலை போட்டிருந்தது. காரக்குழம்பை இறக்கிக் கிண்ணத்தில் ஊற்றி, சுவரில் மறுபடி மாட்டியிருந்த படத்துக்குக் கீழே முக்காலியில் வைத்தாள். கோப்பை சிவப்பாகவே இருந்தது. கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். கலக்கி வைத்தாள். ஆவி படட்டும் என்று கையில் ஏந்தி உயர்த்திக் காட்டினாள். துரை பார்க்கவில்லை. அவருக்கு ஊற்றிக் கொடுக்க அவருடைய ஆள் வந்தாகிவிட்டது. வாயில் ஒயினை வைத்துக்கொண்டு தன் யோசனையில் இருந்தார், பின்னால் அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஒருத்தி நிற்பது அவர்கள் இருவருக்கும் தெரியவே இல்லை.

"மதினி, இலை காயுது" என்றாள் பொன்னழகி.

"துரை சொன்னாரா ஆத்தா?" என்றார் செட்டியார்.

வள்ளிக்கண்ணு கிண்ணத்தை இறக்கினாள். குழம்பு தளும்பி விரலில் சிந்தியது. சூடு மட்டும் தெரிந்தது.

"இனிமே சொல்ல மாட்டாரு" என்றாள். "எனக்கு ருசி தெரியாது அய்யா. வாசமும் தெரியாது. காய்ச்சல்ல போனது, வரவே இல்ல. இவ்வளவு நாளா துரை மூஞ்சியப் பாத்துத்தான் சமைச்சேன். இந்தக் குழம்புல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

வளைகாப்புப் பெண் வளையல் அடுக்கிய கையை இலைமேல் வைத்தபடியே இருந்தாள்.

"எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள் பொன்னழகி.

"சொன்னா நீ ருசி பாப்ப. அப்புறம் அது ஒன் சமையலாயிரும். எனக்குன்னு வேற என்ன இருக்கு?"

பொன்னழகி வாளியைத் தூக்கினாள், வரிசையாகக் குழம்பை ஊற்றினாள். "வாயில வச்சிட்டுச் சொல்லுங்க. மதினி கேக்குதுல்ல" என்றாள். அத்தனை பேரும் பிசைந்து, ஒரு வாய் வைத்து, விழுங்காமல் யோசித்தார்கள். வள்ளிக்கண்ணு வரிசை நெடுக நடந்தாள். இத்தனை காலம் ஒரே முகத்தைப் படித்துப் பழகியவளுக்கு முன்னால் இப்போது கூடம் முழுக்க முகங்கள். ஒருவருக்கு இடது புருவம் ஏறியிருந்தது, அடுத்தவருக்கு வலது, ஒருவருக்கு மூக்கு விடைத்தது, ஒருவர் கண்ணை மூடியிருந்தார். விழுங்கியதும் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். உப்புத் தூக்கல் என்றார்கள், குறைச்சல் என்றார்கள், உப்பு சரி காரம்தான் என்றார்கள், எனக்குப் போதும் என்றார்கள். செட்டியார் தீர்ப்புச் சொல்ல எழுந்து, தனக்கே தீர்மானமில்லாமல் உட்கார்ந்தார்.

சத்தத்துக்கு நடுவில் வள்ளிக்கண்ணு திரும்பி நின்றாள்.

"நீ சொல்லு" என்றாள்.

பொன்னழகி வாளியைக் கீழே வைத்தாள். இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் செய்வது அதுதான் முதல்தடவை.

"கம்மி" என்றாள்.

உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். தான் போடவில்லை, திறந்து மதினிக்கு நேரே நீட்டினாள்.

வள்ளிக்கண்ணு கையை விட்டு அள்ளி வாளியில் போட்டாள், கலக்கினாள். பொன்னழகி மறுபடி ஒரு சொட்டு நக்கினாள். "இன்னும் ஒங் கைக்கு ஒரு சிட்டிகை." போட்டாள். "போதும், இதான் ஒன் குழம்பு" என்றாள் பொன்னழகி.

வள்ளிக்கண்ணுவுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது, எத்தனையோ நாள் சேர்த்து வைத்ததெல்லாம் கன்னத்தில் இறங்கி உதட்டோரம் வந்து நின்றது. பொன்னழகி அதைப் பார்த்தாள்.

"அதுல உப்பு சரியாத்தான் இருக்கும் மதினி" என்றாள். "தொடைச்சிட்டு வா, சோறு போடணும்."